நில்லாது நடக்கும் தொழில்

“தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?” என்று கேட்பது நம்மவர் வழக்கம். மனம் தளர்ந்தவனுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். தொழில் நடத்துகிறவனுக்கு உதவாது. அவனுக்குச் சாணும் வேறு, முழமும் வேறு. சாண் உயரத்தில் கிடந்த பொருள் போகும். முழ உயரத்தில் ஏற்றி வைத்த பொருள் நிற்கும். எது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வெள்ளம் வருவதற்கு முன்பே அறிந்து, அதற்கேற்ப ஏற்பாடு செய்து வைப்பதைத்தான் மேலாண்மை நூலார் ‘தொழில் தொடர்ச்சித் திட்டம்’ என்று பெரிய பெயரிட்டு அழைக்கின்றனர். வணிகவியல் மாணவனாகிய நான் அப்பெயரைப் பாடநூலில் படித்தேன். ஆயின் அதன் பொருளை எனக்குக் கற்பித்தவர், இவ்வைதராபாத் நகரில் மாவரைத்து விற்கும் ஓர் அக்கா. அவர் கற்பித்ததையும், அதன்பின் நான் தேடிப் படித்ததையும் நம் மன்றத்து நண்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த இரவு

2020ஆம் ஆண்டு. நான் முதுகலை முதலாண்டில் இருந்தேன். கொள்ளைநோய்க் காலமாதலின் விடுதி மூடப்பட்டுவிட்டது. ஊருக்குப் போக மனமின்றி, இராமந்தப்பூரில் ஏரிக்கு அருகே தாழ்வான ஒரு தெருவில் மாடியறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தங்கினேன். கீழ்த்தளத்தில் அக்காவின் மாவுக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இந்நகரில் குடியேறியவர் அவர். இரண்டு பெரிய கிரைண்டர்கள், ஒரு குளிர்ப்பெட்டி, அரிசி ஊறவைக்கும் அண்டாக்கள், உதவிக்கு ஓர் ஆள், மாவு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஸ்கூட்டர், இவ்வளவே முதல். நாற்பது வீடுகளுக்கும் மூன்று டிபன் கடைகளுக்கும் நாள்தோறும் மாவு போகும். கடைகளுக்கு விடியற்காலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வீடுகளுக்கு மாதக் கணக்கு. கடைகளுக்கு வாரக் கணக்கு. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் நீளமான ஒரு நோட்டில் அக்காவின் கையெழுத்தில் இருந்தது. அந்த நோட்டு மேசை இழுப்பறையில் இருந்தது.

அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள் மழை பிடித்தது. நகரில் அன்று ஒரு நாளில் 19 சென்டிமீட்டர் மழை பெய்தது. கிழக்கே கட்கேசர்ப் பக்கத்தில் 32 சென்டிமீட்டர். இரவு மின்சாரம் நின்றது. சிறிது நேரத்தில் தெருவில் ஓடிய நீர் வாயிற்படியைக் கடந்து உள்ளே நுழைந்தது. அக்கா என்னைக் கூவி அழைத்தார். அவரும், அவர் கணவரும், உதவியாளும், நானுமாக அரிசி மூட்டைகளையும் உளுந்தையும் எரிவாயு உருளையையும் மாடிக்கு ஏற்றினோம். கிரைண்டர்களை அசைக்க முடியவில்லை. நீர் இடுப்பளவு வந்தபோது நாங்களும் மாடிக்கு ஏறிவிட்டோம். நோட்டு எவர் நினைவுக்கும் வரவில்லை.

வெள்ளம் வடிந்தபின் இழுப்பறையைத் திறந்தோம். நோட்டு கூழாகியிருந்தது. காய்ந்த ஓரிரு தாள்களிலும் மை கரைந்து நீலக் கறையாகப் பரவிக் கிடந்தது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அரிசியை விலை குடுத்து வாங்கிடலாம் தம்பி. இந்த நோட்டை எந்தக் கடையில போயி வாங்குவேன்?”

கிரைண்டர் மோட்டார்களைக் கழற்றி உலர்த்திப் பழுது பார்த்துக் கடை மீண்டும் திறக்கப் பதினொரு நாட்கள் ஆயின. அதற்குள் ஒரு டிபன் கடைக்காரர் வேறிடத்தில் மாவு வாங்கத் தொடங்கி, அங்கேயே நிலைத்துவிட்டார். வீட்டுக்காரர்களுள் பலர் தாம் தர வேண்டியதைத் தாமே நினைவுகூர்ந்து கொடுத்தனர். ஒருவர் கூடுதலாகவே கொடுத்தார். வேறு சிலரோ, “போன வாரமே தீர்த்துவிட்டோமே” என்றனர். மெய்யாகவே தீர்த்திருக்கவும் கூடும். இல்லை என்று காட்ட அக்காவிடம் ஏடு இல்லை. அரிசி மண்டிக்காரர் ஏட்டில் மட்டும் அக்காவின் கடன் நனையாமல் இருந்தது.

நகரம் கற்ற பாடம்

இந்நகருக்கு வெள்ளம் புதிதன்று. 1908ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள் மூசியாறு பெருகி வந்து நகரை அழித்தது. மாண்டவர் சுமார் 15,000 பேர் என மதிப்பிடுவர். இன்றைய உசுமானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரத்தின் மீது ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் அன்று உயிர் பிழைத்தனர் என்பது நகரத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அடுத்த ஆண்டு பொறியியல் மேதை விசுவேசுவரையா அழைக்கப்பட்டார். மூசியின் மேற்பகுதியில் இருந்த ஏரிகளில் 200க்கு மேற்பட்டவை ஒன்றன்பின் ஒன்றாக உடைந்ததும் அழிவைப் பெருக்கியது என்பது ஆராய்ச்சியில் தெரியவந்தது. அவர் வகுத்த வழியில் மூசியின்மீது உசுமான் சாகர் 1920இலும், அதன் துணையாறான ஈசியின்மீது இமாயத் சாகர் 1927இலும் கட்டி முடிக்கப்பட்டன. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அவ்விரு நீர்த்தேக்கங்களே நகருக்குக் குடிநீரும் தந்தன. 1908இல் நேர்ந்தது போன்ற பேரழிவு மீண்டும் நேரவில்லை.

ஆயினும் 2020இல் எங்கள் தெருவுக்கு வந்த நீர் மூசியாற்றிலிருந்து வரவில்லை. நகருக்குள்ளேயே இருக்கும் ஏரிகள் நிரம்பின; அவற்றின் வடிகால்கள் வீடுகளுக்கிடையே குறுகிக் கிடந்தன; நீர் தெருவழியே போயிற்று. அதே மாதம் 17ஆம் நாள் பாலாப்பூர்ப் பக்கத்துக் குர்ரம் ஏரிக் கரை உடைந்து பழைய நகரின் பகுதிகளை மூழ்கடித்தது. ஒரு வாயிலைக் காவல் செய்தால் இடர் மற்றொரு வாயிலைத் தட்டும். அணை கட்டியது தவறு என்று இதற்குப் பொருளன்று. அணை இல்லையேல் நகரே இல்லை. ஆயின் வாயில்களையெல்லாம் எண்ணி முடித்துக் காவல் போட்டுவிடலாம் என்று கருதினால் ஏமாந்துதான் போவோம்.

காரணம் ஆயிரம், இழப்பு ஆறு

அப்படியானால் முன்னேற்பாடு செய்வது எவ்வாறு? வெள்ளம், தீ, புயல், நோய், கலவரம், கடையடைப்பு, மின்வெட்டு, கணிப்பொறிக் கோளாறு, திருட்டு, உரிமையாளரின் உடல்நலக் கேடு எனக் காரணங்களை எழுதத் தொடங்கினால் தாள் போதாது. நாம் எழுதாத ஒன்றே வந்து நிற்கும். 2019இல் வணிகர் எவரேனும் தம் திட்டத்தில் ‘நாடு முழுதும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது’ என்று எழுதியிருந்தால் பிறர் நகைத்திருப்பர்.

காரணத்தை விட்டுவிட்டு, அதனால் நாம் இழப்பது என்ன என்று பார்த்தால் கணக்கு எளிதாகிவிடுகிறது. எந்த இடர் வந்தாலும் ஒரு தொழில் இழக்கக்கூடியவை ஆறே: இடம், ஆள், கருவியும் மின்சாரமும், சரக்கு, கணக்கு, நம்பிக்கை. ஒவ்வொன்றையும் நடந்த நிகழ்ச்சியால் விளக்குகிறேன்.

முதலாவது இடம். 2020 மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் இரவு நாடு முழுதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, இந்நகரின் ஐடெக் சிட்டிக் கட்டடங்களுக்கு ஒரு கீறலும் விழவில்லை. ஆயின் உள்ளே போக ஆளில்லை. மென்பொருள் நிறுவனங்கள் மடிக்கணினிகளை வீடுகளுக்கு அனுப்பி வேலையைத் தொடர்ந்தன. வெளிநாட்டாருக்குத் தொலைபேசி வழிப் பணி செய்யும் நிறுவனங்களுக்கு அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. அவற்றின் பணியாளர் வீட்டிலிருந்து வேலை செய்வதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் கடுமையாயிருந்தன. அவ்விதிகள் அதே மாதத்தில்தான் தளர்த்தப்பட்டன. இடம் மாறினால் சட்டம் இடம் கொடுக்குமா என்பதையும் முன்னரே கேட்டு வைக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது ஆள். 2015 டிசம்பர்த் திங்கள் முதல் நாள் சென்னையில் பெய்த பெருமழையை நம்மில் பலர் நேரில் கண்டவர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். மறுநாள் ‘தி இந்து’ நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய அவ்விதழின் வரலாற்றில் அதுவே முதன்முறை என்றனர். மறைமலைநகரில் அச்சுக்கூடம் இருந்தது. பணியாளர்கள் அங்கு போய்ச் சேர வழியில்லை. ஐதராபாத்திலும் ஒரு காட்சி உண்டு. 2020 மே முதல் நாள் விடியற்காலை, ஊரடங்கில் சிக்கிய சுமார் 1,200 தொழிலாளரை ஏற்றிக்கொண்டு நாட்டின் முதல் சிறப்பு இரயில் லிங்கம்பள்ளியிலிருந்து சார்க்கண்டு மாநிலத்து அட்டியாவுக்குப் புறப்பட்டது. கட்டடம் கட்டும் கைகள் ஊர் திரும்பின. பிறகு வேலையைத் தொடங்க அனுமதி இருந்தும், ஆளைத் தேடி அலைந்தவர் பலர்.

மூன்றாவது கருவியும் மின்சாரமும். 2012 சூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்திய மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் வடக்கிலும் கிழக்கிலுமாக 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருண்டன. தென்னகம் தப்பியது, காரணம், நம் தொகுப்பு அப்போது தனித்து இயங்கியது. 2013 டிசம்பர் 31இல் அதுவும் நாட்டுத் தொகுப்போடு இணைந்தது. இணைப்பால் நன்மை மிகுதி. ஒருவருக்கு ஒருவர் உதவலாம். அதே இணைப்பு வழியே ஒருவர் துன்பம் மற்றவருக்கும் வரலாம் என்பதையும் மறத்தல் கூடாது.

நான்காவது சரக்கு. சப்பானில் 1997 பிப்ரவரி முதல் நாள், காரியா நகரத்து ஐசின் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. டொயோட்டா வண்டிகளின் தடைக் கருவியில் பொருந்தும் சிறு வால்வு ஒன்று ஏறத்தாழ முழுவதும் அந்த ஓரிடத்திலிருந்தே போய்க்கொண்டிருந்தது. கையிருப்பு ஒரு நாளைக்கும் போதாது. உலகப் புகழ் பெற்ற வண்டித் தொழிற்சாலைகள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளுக்காக நின்றன. ஆயின் அடுத்து நடந்ததே பெரிய பாடம். அறுபதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் வரைபடங்களை வாங்கிக்கொண்டு, தத்தம் பட்டறைகளில் அவ்வால்வைச் செய்யத் தொடங்கின. தையற்பொறி செய்யும் பிரதர் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. சுமார் ஒரு வாரத்தில் வண்டிகள் முன்போல் வெளிவந்தன. ஓரிடத்தை மட்டும் நம்பியது குறை; நல்ல நாளில் நட்போடு பழகியிருந்தது அக்குறையைத் தீர்த்த மருந்து.

ஐந்தாவது கணக்கு. அதன் அருமையை அக்காவின் நோட்டு சொல்லிவிட்டது. பெரிய நிறுவனங்கள் இதற்காகவே ஒரே கணக்கை இரண்டு நகரங்களில் வைக்கின்றன. அமேசான் நிறுவனம் தன் தரவுக் கூடங்களை இந்தியாவில் முதலில் மும்பையில் 2016இல் திறந்தது. இரண்டாவது தொகுதியை 2022இல் ஐதராபாத்தில் திறந்தது. ஒன்று கடற்கரை, மற்றொன்று கடலுக்குத் தொலைவான தக்காண மேட்டுநிலம். மும்பைக்கு வரும் புயல் அதே நாளில் ஐதராபாத்தை அடித்துச் செல்லாது. நகலை மூலத்தோடு ஒரே இழுப்பறையில் வைத்தால் அது நகலாகாது.

ஆறாவது நம்பிக்கை. இதற்குச் சான்று தேட நாம் இந்நகரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 2009 சனவரி 7ஆம் நாள், சத்தியம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு, கணக்குகளில் பல்லாயிரம் கோடி ரூபாய் பொய்யாகக் காட்டப்பட்டிருப்பதைத் தம் கைப்பட ஒப்புக்கொண்டார். நிறுவனத்தில் ஏறத்தாழ 53,000 பேர் வேலை செய்தனர். தீயுமில்லை, வெள்ளமுமில்லை. கட்டடம் நின்றது, கணிப்பொறி ஓடியது, ஆட்கள் வந்தனர். ஆயினும் தொழில் நின்றுபோகும் நிலை. இனி அந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்பவர் யார், கடன் கொடுப்பவர் யார்?

அரசு பழைய இயக்குநர் குழுவை நீக்கிச் சில நாட்களிலேயே புதியவர்களை அமர்த்தியது. கிரண் கார்னிக், தீபக் பரேக், அச்சுதன், தருண் தாஸ், மைனக் ஆகியோருடன் தமிழகத்துக் கணக்காயர் தி. ந. மனோகரனும் அக்குழுவில் இடம்பெற்றார். அவர்கள் முதலில் பார்த்தவை இரண்டு: பணியாளர் சம்பளம் நிற்கக்கூடாது, வாடிக்கையாளரின் வேலை நிற்கக்கூடாது. வர வேண்டிய தொகைகளைத் திரட்டினர்; வங்கிகளிடம் 600 கோடி ரூபாய்க் கடனுக்கு ஏற்பாடு செய்தனர்; வாடிக்கையாளரிடம் பேசினர். பழைய கணக்கின் பொய்யை அலசுவதை வேறொருபுறம் நடக்கவிட்டனர். ஏப்பிரல் 13இல் டெக் மகிந்திரா நிறுவனம் ஏலத்தில் அதை எடுத்துக்கொண்டது. நூறு நாட்களுக்குள் ஒரு பெருந்தொழில் கரை சேர்ந்தது. எது நின்றாலும் எது நிற்கக்கூடாது என்பதை முதல் நாளே தெளிந்ததால் அவர்கள் வென்றனர் என்பது என் கருத்து.

ஒரு தாளில் அடங்கும் திட்டம்

மீண்டும் இராமந்தப்பூருக்கு வருவோம். கடை திறந்த வாரத்தில் ஒரு நாள் மாலை அக்காவும் நானும் ஒரு தாளை விரித்து உட்கார்ந்தோம். பாடநூல் என்னிடம் இருந்தது. தொழிலறிவு அவரிடம் இருந்தது. மூன்று கேள்விகள் கேட்டேன்.

“அக்கா, எது நிற்கவே கூடாது?” என்றேன். “எல்லாந்தான்” என்றார் முதலில். சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, “டிபன் கடைக்குக் காலையில போற மாவு. வீட்டுக்காரங்க ஒரு நாள் உப்புமா கிண்டிக்குவாங்க. கடைக்காரர் என்ன செய்வாரு?” என்றார். முதல் விடை கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் காக்க முயல்பவன் எதையும் காப்பதில்லை.

“எவ்வளவு நேரம் தாமதமானால் பொறுப்பார்கள்?” என்றேன். “ஒரு நாள் பொறுப்பாங்க, ரெண்டாம் நாள் வேற ஆளைப் பாப்பாங்க” என்றார். நேர எல்லை தெரிந்தது. பதினொரு நாட்கள் ஏன் ஒரு வாடிக்கையைப் பறித்தன என்பதும் தெரிந்தது. இதே கேள்வியைக் கணக்குக்கும் கேட்க வேண்டும். எத்தனை நாள் கணக்குத் தொலைந்தால் நினைவிலிருந்து மீட்டெழுத முடியும்? “ஒரு நாள்” என்றார். ஆகவே நாள்தோறும் நகல் வேண்டும்.

மூன்றாவது கேள்வி: “இதெல்லாம் எதைச் சார்ந்து நிற்கிறது? ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது எது?” ஆறு இழப்புகளையும் வரிசையாக எழுதினோம். இடத்துக்கும் கருவிக்கும் இரண்டாவதாக, மேடான பகுதியாகிய தார்நாக்காவில் மாவரைக்கும் இன்னொரு கடைக்காரரோடு ஒப்பந்தம்: எவர் கிரைண்டர் நின்றாலும் மற்றவர் இரவில் அரைத்துக்கொள்ள இடம் தருவது. போட்டியாளரிடம் போவதா என்று அக்கா முதலில் தயங்கினார். அவர் தெருவில் அல்லாமல் வேறு தெருவில் இருப்பவரே உதவ முடியும் என்று விளங்கியபின் தாமே போய்ப் பேசினார். ஆளுக்கு இரண்டாவதாக, மாவின் பக்குவம், உளுந்தின் அளவு, கடைகளின் வழி எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டி, அவர் கணவருக்கும் பழக்குவது. சரக்குக்கு, வேறொரு மண்டியிலும் சிறு வாடிக்கை வைப்பது. கணக்குக்கு, இரவுதோறும் நோட்டின் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து ஊரிலுள்ள மகளுக்கு அனுப்புவது. பணத்துக்கு, பதினைந்து நாள் செலவைத் தனியே வைப்பது. நம்பிக்கைக்கு, இடர் வந்த அன்றே கடைக்காரர்களுக்குத் தாமே தொலைபேசியில் சொல்லிவிடுவது. அவர்கள் எண்களைத் தாளிலும் எழுதி வைப்பது, கைப்பேசியும் நனையக்கூடுமன்றோ! இவற்றோடு கிரைண்டர்களுக்கு இரண்டரை அடி உயரத்தில் செங்கல் மேடை. மொத்தம் ஒரு தாள். மேடைக்கும் ஒதுக்கிய பணத்துக்கும் அன்றி வேறெதற்கும் பெருஞ்செலவு ஆகவில்லை.

ஒத்திகை

திட்டம் எழுதியதும் எனக்குப் பெருமிதம் உண்டாயிற்று. அக்காவுக்கோ ஐயம் தீரவில்லை. “எழுதிட்டா நடந்திருமா? ஒரு நா செஞ்சி பாப்போம்” என்றார். ஓர் இரவு வேண்டுமென்றே கடையின் மின்னிணைப்பை அணைத்துவிட்டு, ஊறவைத்த அரிசியை ஏற்றிக்கொண்டு தார்நாக்காவுக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்தது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் அந்தக் கடையின் சாவி எங்கோ இருந்தது. அதைத் தேடி எடுத்து அரைத்தபோது, அவர் கிரைண்டருக்கு ஏற்ற தண்ணீரின் அளவு தெரியாமல் மாவு நீர்த்துவிட்டது. காலை ஐந்துக்குப் போக வேண்டிய மாவு ஏழரைக்குப் போயிற்று. நான் வெட்கிப்போனேன். அக்கா மட்டும், “நல்ல வேளை, இன்னைக்குத் தெரிஞ்சுது” என்றார். தாளில் மூன்று வரிகள் கூடின: வண்டியில் எப்போதும் பெட்ரோல், ஒரு சாவி நம்மிடம், தண்ணீரின் அளவு. அடுத்த மாதம் மீண்டும் ஒத்திகை பார்த்தோம். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மாவு போய்ச் சேர்ந்தது.

இத்துறைக்கென உலகத் தர அமைப்பு 2012இல் 22301 என்னும் எண்ணிட்ட தரநூல் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதிலும் ஒத்திகை பார்ப்பதும், கண்ட குறைகளைத் திருத்துவதும் கட்டாயம் என வலியுறுத்தப்படுகிறது. அந்நூலைப் பின்னர்ப் புரட்டியபோது, அக்கா அதைப் படிக்காமலேயே அதன் நடுப்பொருளைச் சொல்லிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு கோடையில் ஓரிரவு எங்கள் தெரு மின்மாற்றி எரிந்துபோயிற்று. அதைச் சீர்செய்ய ஒன்றரை நாள் ஆயிற்று. ‘மின்மாற்றி எரிதல்’ என்று எங்கள் தாளில் எங்கும் இல்லை. ‘கிரைண்டர் ஓடாவிட்டால்’ என்று இருந்தது. அதுவே போதுமானதாயிற்று. அக்கா சாவியை எடுத்துக்கொண்டு தார்நாக்காவுக்குப் போய்விட்டார். காலையில் இட்லி தின்றவர்களுக்கு இரவில் நடந்தது எதுவும் தெரியாது. சில மாதங்களுக்குப்பின் தார்நாக்காக் கடைக்காரரின் மோட்டார் கெட்டபோது, அவர் தம் அண்டாவோடு எங்கள் தெருவுக்கு வந்தார்.

நமக்கு

மாணவ நண்பர்களே! இது முதலாளிகளுக்கு உரிய செய்தி, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். நம்மில் பலர் நாளை ஏதேனும் ஒரு தொழிலில் அமரப் போகிறவர்கள். சிலர் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறவர்கள். ஊரில் நம் பெற்றோர் பலசரக்குக் கடையோ, நெசவுத் தறியோ, அச்சகமோ நடத்திக்கொண்டிருக்கலாம். அடுத்த விடுமுறையில் வீடு செல்லும்போது அவர்களுடன் ஒரு மாலைப்பொழுது உட்காருங்கள். எது நிற்கக்கூடாது, எவ்வளவு நேரம் நிற்கலாம், எதற்கு இரண்டாவது இல்லை என்று கேளுங்கள். கடன் நோட்டு எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். தந்தையார் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் கணக்கு, இழுப்பறையிலிருந்த நோட்டைவிடப் பாதுகாப்பற்றது.

நம் மன்றத்தையும் இக்கண்ணாடியில் பார்ப்போம். உறுப்பினர் பட்டியல் செயலாளர் ஒருவரின் கைப்பேசியில் இருக்கிறது. சந்தாக் கணக்கு பொருளாளர் ஒருவரின் நோட்டில் இருக்கிறது. பொங்கல் விழாவுக்கு மண்டபம் கேட்டு எழுதும் முறை, சென்ற ஆண்டு படிப்பை முடித்துப் போன அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியும். தாகம் எடுத்தபின் கிணறு வெட்டத் தொடங்குவதில் பயனில்லை. வரும் கூட்டத்தில் இதற்கென அரைமணி நேரம் ஒதுக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா இன்றும் மாவரைக்கிறார். போன வாடிக்கை திரும்பவில்லை. வேறு இரண்டு கடைகள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. நான் ஆராய்ச்சி மாணவனாகி வேறிடம் மாறிவிட்டேன். எப்போதேனும் மாவு வாங்கப் போனால், மேடைமேல் ஓடும் கிரைண்டர்களுக்கு அருகே சுவரில் அந்தத் தாள் இருக்கிறது. மாவுத் தூள் படிந்து பழுப்பேறிவிட்டது. ஓரங்களில் அக்காவின் கையெழுத்தில் புதிய வரிகள் சேர்ந்திருக்கின்றன.

இக்கட்டுரையின் நகல் ஒன்றை ஊரிலிருக்கும் என் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். மலர்க் குழுவினர் தொலைத்துவிட்டால் தயங்காமல் கேட்கலாம்.